தண்ணியில மருந்து கலந்திருக்கு: சித்தூருக்கு யமுனாவோடு

இந்த வலைப்பூவில் இதுவரை நான் எழுதியதெல்லாம் கோயில், மலை, வழியில் கிடைத்த நல்ல காபி. இந்தத் தடவை நான் போனது ஒரு போலீஸ் விசாரணைக்கு. விசாரணை எனக்கில்லை, என் தோழிக்கு. ஆனாலும் காட்பாடியில் வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருவின் இரண்டு முனையையும் நான் பார்த்த பார்வையைக் கண்டிருந்தால், குற்றவாளி நான்தான் என்று யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். பயப்படுவதில் எனக்கு நிகர் நானே. கரண்ட் பில்லைக் கட்டிவிட்டு, கட்டினோமா இல்லையா என்று இரண்டு நாள் யோசிக்கிற ஜாதி நான்.

போனது மாசி மாதம், ஒரு செவ்வாயும் புதனும். நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். பொதுத்தேர்வு நெருங்குகிற நேரத்தில் இரண்டு நாள் விடுப்பு கேட்டதற்குத் தலைமையாசிரியர் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது. "சொந்தக்காரங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். போலீஸ் ஸ்டேஷன் என்று சொல்லியிருந்தால் ஆசிரியர் அறையில் ஒரு வாரத்துக்கு வேறு பேச்சே இருந்திருக்காது.

தோழியின் பெயர் யமுனா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் விசைத்தறி ஓட்டும் குடும்பத்துப் பெண். நிலத்தடி நீர் பற்றி வேலூரில் முனைவர் பட்டத்துக்குப் படித்தபோது எங்கள் குழுவுக்கு வந்தாள். குழு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. எட்டு பேர், மாதம் ஒருமுறை ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே கூடுவோம். உண்மையைச் சொன்னதற்காக வெளிநாடுகளில் சிறையில் இருக்கும் விஞ்ஞானிகளை விடச்சொல்லி அந்தந்த அரசாங்கத்துக்கு மனு எழுதுவோம். தொற்றுநோயில் செத்தவர்களை ஒழுங்காக எண்ணிச் சொன்னவர், ஆயுதம் செய்ய மாட்டேன் என்றவர், ஆற்றில் என்ன ஓடுகிறது என்று எழுதியவர் என்று எத்தனையோ பேர். பாதி நாடுகளை வரைபடத்தில் தேடித்தான் கண்டுபிடிப்போம். எங்களில் நன்றாக எழுதுகிறவள் யமுனாதான். சின்னவளாக இருந்தாலும் வார்த்தையில் படு கறார். "சித்திரவதைன்னு போடலாமா, துன்புறுத்தல்னு போடலாமா" என்று அரைமணி நேரம் சண்டை போடுவாள். டீ ஆறிப்போகும்.

இப்போது அவள் திருப்பதியில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒப்பந்த விஞ்ஞானி. சித்தூர் மாவட்டத்தில் மாந்தோப்புகள் சூழ்ந்த ஓர் ஊரில் போர் தண்ணீரை எடுத்துச் சோதித்தாள். மாமரத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்து, இருக்கக்கூடாத அளவுக்குத் தண்ணீரில் இறங்கியிருந்தது. ஊர்க்காரர்கள் பெரும்பாலும் தமிழ் பேசுகிறவர்கள். அதனால் பள்ளிக்கூட மைதானத்தில் எல்லோரையும் உட்காரவைத்துத் தமிழிலேயே முடிவைச் சொன்னாள். யாரோ அதைக் கைபேசியில் படம் பிடித்து, கீழே தெலுங்கில் எழுத்துப் போட்டு வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார்கள். மறுநாளே தோப்புக்காரர்களுக்கும் மற்றவர்களுக்கும் அடிதடி. இரண்டு பேருக்குத் தலையில் தையல். நாங்கள் தண்ணீரில் விஷம் கலந்தோம் என்று சொல்லி இந்தம்மா ஊரை இரண்டாக்கிவிட்டாள் என்று தோப்புக்காரர்கள் புகார் கொடுத்தார்கள். புதன்கிழமை விசாரணைக்கு வரவேண்டும் என்று யமுனாவுக்கு அழைப்பு வந்தது. போனால் திரும்ப விடுவார்களா, உள்ளேயே உட்காரவைப்பார்களா என்பது யாருக்கும் தெரியவில்லை.

செவ்வாய் மத்தியானம் கிளம்புவதாகத்தான் இருந்தேன். அன்று காலையிலேயே அவளுடைய வக்கீல் எனக்குப் போன் செய்தார். சித்தூர்க்காரர், பெயர் லோகநாதம். தமிழ் நன்றாகவே பேசுவார். "மேடம், நீங்க வர்றது ரொம்ப அவசரம்" என்றார். அவ்வளவுதான். பல் துலக்கியும் துலக்காமலும், கைபேசி சார்ஜரை மறந்து, தலைகூடச் சரியாக வாராமல் வேலூர் பேருந்து நிலையத்துக்கு ஓடினேன். சித்தூரில் இறங்கி மூச்சிரைக்க அவர் அலுவலகத்துக்குப் போனால், மனிதர் நிதானமாக உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். "இவ்ளோ சீக்கிரம் எதுக்கு மேடம் வந்தீங்க? சாயந்தரம் வந்திருந்தாலும் போதும்." அப்போதுதான் உறைத்தது. தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. நான் வருவது தேவை என்று சொல்லியிருக்கிறார். தமிழ் பேசினாலும் அந்த ஒரு சொல்லுக்கு அவர் வாயில் தெலுங்கு அர்த்தம். இந்தப் பக்கம் வருகிறவர்கள் இதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். யாராவது அவசரம் என்றால் ஓடாதீர்கள், எந்த அவசரம் என்று கேளுங்கள்.

வேலூரிலிருந்து சித்தூர் முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடவே ஆகும். நான் எடுத்த டிக்கெட் ஐம்பத்தைந்து ரூபாய். சாலை நன்றாக இருக்கிறது. மாநில எல்லையில் ஒரு போலீஸ்காரர் பேருந்தை நிறுத்தி உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் தேடியது சாராய பாட்டில். நான் என் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பையில் இருந்தது ஒரு புடவையும் இரண்டு ஆப்பிளும்.

வக்கீல் என்னைக் கூப்பிட்டதன் காரணம் உப்புமா முடிந்த பிறகு தெரிந்தது. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். மன்னிப்புக் கடிதம். இரண்டே வரி. என் பேச்சால் மனம் புண்பட்டவர்களிடம் வருத்தம் தெரிவிக்கிறேன் என்பது முதல் வரி. அந்த ஊர்த் தண்ணீரில் பூச்சிமருந்து எதுவும் இல்லை, நான் சொன்னது தவறு என்பது இரண்டாவது.

"இதுல ஒரு கையெழுத்து. அயிப்போயிந்தி, முடிஞ்சுபோச்சு. கேஸ் இல்ல, கோர்ட் இல்ல. அவங்க ஆபீஸ்லயும் இதையேதான் கேக்கறாங்க. இல்லன்னா காண்ட்ராக்ட் புதுப்பிக்க மாட்டாங்களாம். நான் நாலு தடவை சொல்லிட்டேன் மேடம், வினடமே லேது. நீங்க சொன்னா கேப்பாங்க."

கேட்பதே இல்லை என்று அலுத்துக்கொண்டார். நான் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு கையெழுத்தோடு போகிற காரியம் என்றால் போகட்டுமே என்றுதான் தோன்றியது.

சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் பேருந்துக்குப் பஞ்சமில்லை. பத்து பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று கிளம்புகிறது. எழுபது கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணி நேரம். ஆந்திர அரசுப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம் என்று கேள்விப்பட்டு ஆதாரை எடுத்து நீட்டினேன். கண்டக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தமிழ்நாடா? அப்ப டிக்கெட் எடுங்கம்மா" என்று சிரித்தார். நூற்றிருபது ரூபாய் போனது. பக்கத்தில் மொட்டையடித்துக்கொள்ளப் போகிற ஒரு குடும்பம், ஆளுக்கொரு வேர்க்கடலைப் பொட்டலம். அவர்கள் நிம்மதியைப் பார்த்தால் பொறாமையாக இருந்தது. காணிப்பாக்கம் கூட்டுரோட்டில் பிள்ளையாருக்குப் பேருந்திலிருந்தே ஒரு கும்பிடு போட்டேன். அங்கே பொய்ச் சத்தியம் செய்தால் சும்மா விடமாட்டார் என்பார்கள். என் பையில் இருந்த தாள் ஞாபகம் வந்ததும் கும்பிட்ட கையைக் கீழே இறக்கிவிட்டேன்.

யமுனா இருப்பது பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவில் கால்மணி நேரத் தொலைவில், மாடிப் பகுதி, ஒரு அறையும் சமையற்கட்டும். நான் போனபோது தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். ஆனால் முகத்தில் பயம் இல்லை, அதுதான் எனக்கு மேலும் பயமாக இருந்தது.

"இன்னாக்கா இப்பிடி வந்து நிக்கற, உன்னயத்தான் புடிச்சுக்கினு போவப்போறாங்களா? உக்காரு."

வெளியே ஏதாவது பைக் நின்றால் நான் சன்னலுக்கு ஓடினேன். மூன்றாவது முறை ஓடியபோது, தட்டில் சோற்றைப் போட்டு என் முன்னால் வைத்தாள். "மொதல்ல துன்னு. அப்பறம் பயப்படு."

சாப்பிட்டு முடித்ததும் அந்தப் படத்தைக் கைபேசியில் காட்டினாள். ஒரு நிமிடம்கூட இல்லை. பள்ளி மைதானம், வேப்பமரம், ஒலிபெருக்கியோடு யமுனா. "உங்க தண்ணியில மருந்து கலந்திருக்கு" என்கிறாள். கீழே தெலுங்கு எழுத்து ஓடுகிறது. எனக்குப் பேருந்துப் பலகை படிக்கிற அளவுக்குத்தான் தெலுங்கு. எழுத்துக் கூட்டிப் படித்தேன். நீள்ளலோ மந்து கலிப்பாரு.

"சரியாத்தானே போட்டிருக்கான்?" என்றேன்.

"அங்கதான்கா கொள்ளி வெச்சான். தமிழ்ல கலந்திருக்குன்னா தானா கலந்துச்சா, யாராவது கலந்தாங்களான்னு சொல்ல முடியாது. தெலுங்குல அது ரெண்டு வார்த்த. தானா கலந்தா கலிசிந்தி. யாரோ கலந்தா கலிப்பாரு. இவன் கலிப்பாருன்னு போட்டுட்டான். மந்துன்னா மாத்திரையும் மந்துதான், பூச்சிக்கு அடிக்கறதும் மந்துதான், விஷமும் மந்துதான். படிச்சவன் இன்னா நெனப்பான்? தோப்புக்காரன் தண்ணியில விஷத்த கலந்துட்டான்னுதான் நெனப்பான்."

கொஞ்சம் நிறுத்தி, "குடிக்கிற சரக்கும் மந்துதான். அந்த அர்த்தத்துல எடுத்துக்கினு இருந்தா கேஸே வந்திருக்காது, வரிசையில நின்னு குடிச்சிருப்பாங்க" என்றாள். நானும் சிரித்துவிட்டேன்.

எழுதிப்போட்டவன் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். இரண்டு மொழியையும் ஒரே வாயில் பேசுகிறவர்களுக்கு எங்கே ஒன்று முடிந்து மற்றது ஆரம்பிக்கிறது என்று தெரிவதில்லை. காலையில் நான் தலைவாராமல் ஓடி வந்ததும் அப்படித்தான். என்னுடைய தவறில் ஒரு சார்ஜர் போனது, இவள் விஷயத்தில் தலைகள் உடைந்துவிட்டன.

பையிலிருந்த தாளை எடுத்தேன். இது மொழி செய்த தவறுதானே, ஒரு மன்னிப்பு எழுதினால் என்ன, வேலையை விட்டுவிட்டு என்ன செய்வாய், நைனாவுக்குத் தறிக் கடன் இருக்கிறதே என்று வரிசையாகச் சொன்னேன். அவளுடைய நைனாவும் அன்று சாயங்காலமே நகரியிலிருந்து போன் செய்து, போட்டுட்டு வந்துடும்மா என்று அழுதிருக்கிறார்.

"மொத வரிக்கு இப்பவே போடறேன்கா. ரெண்டாவதுக்கு எப்பிடிப் போடறது? மூணு மொற எடுத்துப் பார்த்தேன். வேற லேபுக்கும் அனுப்பிப் பார்த்தேன். இருக்குது. இல்லன்னு எழுதிக் குடுத்தா, நாளைக்கி அந்தத் தாளக் காட்டியே ஊருல எல்லாரும் அந்தத் தண்ணியக் குடிப்பாங்க."

"நீ ஒருத்தி சொல்லாட்டி வேற யாராவது சொல்லுவாங்க."

"யாரு?"

நான் எச்சில் தட்டுகளை எடுத்து அடுக்கினேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். "நாம எத்தினி பேருக்கு உறுதியா நில்லுங்கன்னு எழுதியிருக்கோம். அவங்க வூட்லயும் ஒரு அக்கா வந்து உக்காந்திருப்பா இல்ல, கையெழுத்துப் போடுன்னு."

எனக்குக் கோபம்தான் வந்தது. சுருக்கென்று தைத்ததால் வந்த கோபம். அந்த வெளிநாட்டு அக்காக்களைப் பற்றி நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. நாங்கள் எழுதிய விஞ்ஞானிகளுக்கு ஒரு பெயரும் ஒரு புகைப்படமும்தான் உண்டு. அவர்களுக்குத் தக்காளி நறுக்கத் தெரியும், அப்பா அழுவார் என்பதெல்லாம் எங்கள் மனுவில் எழுதுவதற்கு இடமில்லாத விஷயங்கள். தாளைத் திரும்பப் பையில் வைத்தேன். கிழிக்கவில்லை. நாளைக்கு மனம் மாறினால் வேண்டுமே என்ற எண்ணம் எனக்கு இருந்தது.

புதன் காலை ஏழரைக்குக் கிளம்பினோம். யமுனாவுக்கு ஆந்திர ஆதார், அதனால் அவளுக்கு இலவசம். "ஸ்டேஷனுக்குக் கூப்புட்ட கவர்மென்டே ஓசியில கூட்டிக்கினும் போவுது பாருக்கா" என்றாள். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். மெதுவாகப் பேசு என்று அவள் தொடையில் கிள்ளினேன்.

சந்திரகிரி தாண்டி, பாகாலாவுக்குப் பிறகு சாலையின் இருபக்கமும் மாந்தோப்பு. மாசி என்பதால் மரம் கொள்ளாமல் பூ. டிராக்டரில் பீப்பாயை வைத்து, நீண்ட குழாயைப் பிடித்து இரண்டு பேர் பூவுக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். வாசனை பேருந்துக்குள் வந்ததும் எல்லோரும் சன்னலை இழுத்து மூடினார்கள். மருந்து அடித்தவர்கள் முகத்தில் ஒரு துண்டுகூடக் கட்டியிருக்கவில்லை.

"அவங்களக் குத்தம் சொல்லவே இல்லக்கா நானு" என்றாள் யமுனா. "பூ கொட்டிப்போனா வருசமே போச்சு. கடைக்காரன் சொல்ற அளவுக்கு ஒண்ணரப் பங்கு அடிக்கறாங்க, பயத்துல. இப்ப இந்த ஊரு பேரு வெளிய வந்தா மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்காரன் பழத்தைத் தொட மாட்டான்னு அவங்களுக்கு அடுத்த பயம். அது நெசமான பயம்தான்." ஊர்ப் பெயரை நான் எழுதாததற்குக் காரணம் இதுதான். எழுதாதே என்று அவளே கேட்டுக்கொண்டாள்.

எந்த ஸ்டேஷன் என்பதையும் விட்டுவிடுகிறேன். வாசலில் வக்கீல் லோகநாதம் காத்திருந்தார். என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார், ஆச்சா என்று. நான் தலையை இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல் ஆட்டினேன். மர பெஞ்சில் காக்கவைத்தார்கள். மணி பத்திலிருந்து பன்னிரண்டரை வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். எதிரே ஒரு கம்பிக் கதவு, உள்ளே யாரும் இல்லை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே விரிக்க ஒரு பாய் இருக்குமா என்று யோசனை போனது. யமுனா பெஞ்சில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

இன்ஸ்பெக்டர் நடுத்தர வயது. முரட்டு ஆளாக இருப்பார் என்று எதிர்பார்த்தேன், களைத்த ஆளாக இருந்தார். "மாதி சித்தூரே மேடம், ஊரு இதுதான், தமிழ் நல்லா தெரியும்" என்று ஆரம்பித்தார். படத்தைப் போட்டார். தெலுங்கு எழுத்தைச் சத்தமாகப் படித்தார். "இது நீங்க சொன்னதா?"

"இல்ல சார். கலிப்பாருன்னு நான் சொல்லல. கலந்திருக்குன்னு சொன்னேன். கலிசிந்தி."

அவர் மறுபடி ஓடவிட்டார். தமிழில் ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தார். கலந்திருக்கு, கலந்திருக்கு. பிறகு நாற்காலியில் பின்னால் சாய்ந்து சிரித்தே விட்டார். "அவுனு, ஆமா! தமிழ்ல ரெண்டும் ஒண்ணே கதா! எழுதினவன் எவன்டா?" பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிளும் சிரித்தார். வக்கீல் என் கையைப் பிடிக்காத குறை. முடிந்தது, வீட்டுக்குப் போய்விடலாம் என்று பையை எடுத்துத் தோளில் மாட்டினேன்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, சாதாரணமாகத்தான் கேட்டார். "சரி மேடம். யாரும் கலக்கல. அப்போ தண்ணியில அது கலிசிந்தா, லேதா?"

கலந்திருக்கிறதா, இல்லையா. வக்கீல் தொண்டையைச் செருமினார். இரண்டாவது வரிக்கு இதைவிட நல்ல இடம் வராது. இல்லை என்று சொல்ல வேண்டாம், சரியாகத் தெரியவில்லை என்றாவது சொல் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். காணிப்பாக்கத்துப் பிள்ளையாரிடம் கூடக் கெஞ்சினேன். மன்னித்துக்கொள்ளுங்கள், அந்த நொடியில் அவள் பொய் சொல்லவேண்டும் என்றுதான் நான் ஆசைப்பட்டேன்.

"கலிசிந்தி சார்."

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இங்க சொன்னீங்க, சரி. பயட்ட செப்பகண்டி மேடம். வெளிய சொல்லாதீங்க. ரெண்டு தலை உடைஞ்சிருக்கு. மூணாவது போனா நான்தான் பதில் சொல்லணும். என்கொயரி முடியற வரைக்கும் அந்த ஊருக்குப் போகக்கூடாது. அந்த ஊர் ஆளுங்ககிட்ட தண்ணியப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது. எழுதிக் குடுங்க." அவர் கவலையும் பொய்யில்லை என்பது எனக்குத் தெரிந்தது. யமுனா யோசித்துப் பார்த்து, அதற்கு மட்டும் எழுதிக் கொடுத்தாள். மறுபடி கூப்பிடும்போது வரவேண்டும், மீறினால் இப்படி அனுப்பமாட்டேன் என்று சொல்லி எங்களை வெளியே விட்டார். வெளியே வந்ததும் வக்கீல் என்னிடம் மட்டும், "மேடம், நீங்க சொல்லலையா?" என்று கேட்டார். சொன்னேன் என்றேன்.

பேருந்து நிலையத்துக்கு நடந்தோம். வழியிலேயே அவளுக்கு அலுவலகத்திலிருந்து செய்தி வந்துவிட்டது. மன்னிப்புக் கடிதம் வராததால் மாதக் கடைசியோடு ஒப்பந்தம் முடிகிறது என்று. படித்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். எதிரே ஒரு மெஸ்ஸில் ராகி சங்கட்டி என்கிற கேழ்வரகுக் களியும் வேர்க்கடலைப் பச்சடியும் சாப்பிட்டோம். நன்றாகவே இருந்தது. சித்தூரில் மதியம் இறங்குகிறவர்கள் தைரியமாகச் சாப்பிடலாம்.

இப்படி ஒருவரோடு துணைக்குப் போக நேர்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். காலையிலேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், எப்போது கூப்பிடுவார்கள் என்று சொல்லமாட்டார்கள். இரண்டு மொழி புழங்கும் ஊரில் எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாலும், அதை இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். என்ன பேசவேண்டும் என்று உங்கள் ஆளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகாதீர்கள், நான் செய்த தப்பு அது. திருப்பதியில் விடுதிகள் தனியாகப் போகும் பெண்ணுக்கு அறை தர யோசிக்கும், தெரிந்த வீடு இருந்தால் அங்கேயே தங்கிவிடுங்கள்.

வேலூர்ப் பேருந்து நிற்கும் இடத்தில் அவள் என்னை ஏற்றிவிட நின்றபோது கைபேசி அடித்தது. தெரியாத எண். எடுக்காதே என்றேன், எடுத்துவிட்டாள். பேருந்து நிலையத்து இரைச்சலில் கேட்காமல் ஒலிபெருக்கியில் போட்டாள். ஒரு பெண் குரல், மூச்சை அடக்கிப் பேசுவதுபோல் இருந்தது.

"மேடம், அன்னைக்கி எங்க ஊருக்கு வந்தீங்களே. எங்க தோப்பு போர் தண்ணியிலதான் புள்ளைக்குப் பால் பவுடர் கரைச்சுக் குடுத்துக்கினு இருக்கேன். மூணு மாசம் ஆவுது அதுக்கு. கலந்தாங்க, கலக்கலன்னு அடிச்சிக்கினே இருக்காங்க இங்க. அதெல்லாம் எனக்கு வேணாம். குடுக்கலாமா, கூடாதா?"

எங்க தோப்பு என்றாள். புகார் கொடுத்தவர்கள் தரப்பு வீடு. அந்த ஊர் ஆட்களோடு பேசமாட்டேன் என்று எழுதிக் கொடுத்து, மை காயாத கையெழுத்து என்று சொல்வார்களே, அப்படி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. இது யாரோ வைத்த பொறியாக இருக்கலாம், யாராவது பதிவு செய்துகொண்டிருக்கலாம். நான் சுற்றிலும் பார்த்தேன். நடைமேடை முனையில் ஒரு காக்கிச் சட்டை நின்றது. ஆட்டோக்காரரா போலீஸா என்று தெரியவில்லை. யமுனா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாளாக நான் அவளிடம் வேண்டாம் வேண்டாம் என்று மட்டுமே சொல்லியிருக்கிறேன். அப்போதும் என் வாயில் அதுதான் வந்திருக்கும். ஆனால் மூன்று மாதக் குழந்தை. "சொல்லு யமுனா" என்றேன்.

"குடுக்காதம்மா" என்றாள் அவள். "காய்ச்சினாலும் அது போவாது. கேன் தண்ணி வாங்கி அதுல கரைச்சுக் குடு."

"சரிங்க மேடம். நான் கேட்டேன்னு எங்க வூட்ல யாருக்கும் சொல்லிடாதீங்க."

"நீயும் நான் சொன்னேன்னு சொல்லாத."

அன்று சாயங்காலமே யமுனா வக்கீலுக்குப் போன் செய்து, ஒருவர் கேட்டார், பதில் சொல்லிவிட்டேன், யார் என்று சொல்லமாட்டேன், இன்ஸ்பெக்டரிடம் நீங்களே தெரிவித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டாள். அடுத்த அழைப்புக்குத் தேதி வந்துவிட்டது. யமுனாவைக் கேட்டு, போனில் பேசிய பெண் யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் இதை எழுதுகிறேன். உங்கள் ஊரிலும் தண்ணீரையோ காற்றையோ சோதித்து இருப்பதை இருக்கிறது என்று சொல்கிற யாராவது இருப்பார்கள். அவர்களை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால் கூடப் போங்கள். சட்டம் தெரியவேண்டாம், தெலுங்கு தெரியவேண்டாம், தைரியம்கூட வேண்டாம். பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தால் போதும். பயமாகத்தான் இருக்கும், எனக்கு இப்போதும் இருக்கிறது.